மத்தியானத்துக்கு மேல் அடித்த சுவர்

என் கட்டெறும்புக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி வாய் உட்பட எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும். பேத்திக்குக் கடைவாய்ப் பல் வந்துவிட்டதாம், கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாளாம், அம்மா சொன்னாள். கட்டெறும்பின் பிள்ளை வேறு என்ன செய்யும்.

இதென்ன புதிதாகக் காகிதமும் பேனாவும் என்று நீ நினைப்பாய். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தால் நான் என்ன சொல்கிறேன் என்று நீ கேட்க மாட்டாய், நாக்கு குழறுகிறதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாய், அப்புறம் அம்மாகிட்ட குடுங்கப்பா என்பாய். உன்மேல் தப்பு இல்லை, குழறிய நாக்கோடு நான் உன்னைக் கூப்பிட்டது ஒரு நாளா இரண்டு நாளா. அதனால்தான் கடிதம். எழுத்தைப் பார்த்துக்கொள், கோடு போடாத தாள், வரி நேராகப் போகிறதா இல்லையா சொல். இப்போது மணி சாயங்காலம் நாலரை. வேண்டுமென்றேதான் இந்த நேரத்தில் உட்கார்ந்தேன், காலையில் எழுதினால், காலையில யாருதான் நேரா எழுத மாட்டாங்க என்று கேட்கிறவள்தானே நீ.

அடுத்த மாதம் மூன்று பேரும் வருகிறீர்கள் என்று தெரிந்ததிலிருந்து உன் அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. முழங்கால் வலியை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை, பரண்மேல் ஏறிப் போர்வைகளை இறக்கித் துவைக்கிறாள். அதோடு நீ சொன்ன இன்னொன்றையும் மறைக்காமல் என்னிடம் சொன்னாள். பகல் முழுக்க வீட்டில் இருந்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜுக்குப் போய்விடுவீர்கள், ரூம் போட்டாயிற்று என்று. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பாத்திரத்தைத் தேய்த்தாள், அது ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம். எனக்குக் கோபம் வரவில்லை ம்மா. ஐந்து வருஷத்துக்கு முன்பு நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று கார் வாசலில் நின்றது, நான் மாடிப்படியில் விழுந்து கிடந்தேன், நீ உன் பெட்டியோடு என்னைத் தாண்டித்தான் இறங்கினாய். தாண்டும்போது பெட்டி என்மேல் இடித்துவிடாமல் தூக்கிப் பிடித்தாய் என்று அம்மா பிறகு சொன்னாள். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையைப் படுக்க வைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும். லாட்ஜை விட்டுவிடு என்று கேட்பதற்காக எழுதவில்லை என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். விட்ட பொய்யை மறுபடி எதற்குத் தொட வேண்டும், கேட்கத்தான் எழுதுகிறேன். என் பேத்தி உன் அறையில், உன் கட்டிலில் தூங்கி எழுந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். நடந்ததையெல்லாம் சொல்கிறேன், படித்துவிட்டு நீயே முடிவு பண்ணு.

நான் குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. அம்மா உன்னிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை, நான்தான் சொல்லாதே என்றேன். இதற்கு முன்பு நாலு தடவை விட்டேன், நாலு தடவையும் அவள் உன்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள், நாலு தடவையும் அவள் வாயைப் பொய்யாக்கினேன். ஐந்தாவது தடவையை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று எடுத்து வைத்திருந்தேன்.

விட்ட கதையைக் கேட்டால் நீ சிரிப்பாய், சிரி, நன்றாகச் சிரி. ஒரு டாக்டர் வீட்டில் வேலை. சுவரெல்லாம் முடிந்து கடைசியாக ஒரு சின்ன அறை, தரைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டும். மத்தியானம் சாப்பாட்டோடு வழக்கமானதையும் ஊற்றிக்கொண்டு, பாட்டில் இருந்த பையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு ஆரம்பித்தேன். தரை அடிப்பதென்றால் தூரத்து மூலையில் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து வாசலில் வந்து முடிக்க வேண்டும், நேற்று பிரஷைப் பிடித்தவனுக்கும் இது தெரியும். முப்பது வருஷம் பிடித்த உன் அப்பன் வாசலில் ஆரம்பித்தான். பாட்டு வேறு. முதுகு சுவரில் இடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறேன், நான் ஒரு மூலையில், வாசல் எதிர் மூலையில், நடுவில் பளபளவென்று என் கையால் அடித்த ஈரம். ஜன்னலில் கம்பி. ஓடி வந்திருக்கலாமே என்று நீ கேட்பாய். எவ்வளவு குடித்தாலும் ஈரப் பெயிண்டில் கால் வைக்க ஒரு பெயிண்டருக்கு மனசு வராது ம்மா, அது மட்டும் எனக்குப் போகவில்லை.

டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். என்ன மாஸ்டர், அந்தப் பக்கம் ஏதாவது வாசல் வெச்சிருக்கேனா நான் என்று கேட்டார். அப்புறம் புரிந்து, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பார், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாசனை அவருக்குப் போயிருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்தி ஒரு நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தார். உங்களைத் திட்டப் போறதில்ல, நானும் இப்படி ஒரு மூலையில மாட்டினவன்தான், என் மூலை ஆபரேஷன் தியேட்டர்ல இருந்துச்சு என்றார். கை நடுங்காமல் இருக்க ஒரு வாய், பிறகு அது இல்லாவிட்டால் நடுக்கம், கடைசியில் ஒரு நாள் நர்ஸம்மா கத்தித் தட்டை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சார் நீங்க வீட்டுக்குப் போங்க என்றாராம். எத்தனை பேர் எனக்குப் புத்தி சொல்லியிருப்பார்கள், உன் அம்மா, நீ, உன் சித்தப்பா, எல்லாருக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் நான். இந்த ஒரு மனிதரிடமிருந்துதான் எழுந்து போக முடியவில்லை. பெயிண்ட் காயும்வரை கேட்டேன். நடுவில் ஒரு தண்ணீர் பாட்டிலையும் இரண்டு வாழைப்பழத்தையும் எறிந்தார், தண்ணீரைப் பிடித்துவிட்டேன், பழத்தில் ஒன்று தரையில் விழுந்து இன்னும் அந்த வடு இருக்கிறது, அழிக்க விடமாட்டேன் என்கிறார். அப்புறம் பத்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டில், மாத்திரை, ஊசி, உடம்பு போட்ட ஆட்டம். வெளியூரில் வேலை என்று அம்மா உன்னிடம் சொன்னாளே, அந்தப் பத்து நாள்தான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் நான் பள்ளிக்கூடம் போகிறேன். நிஜமாகவே பள்ளிக்கூடம், குழந்தைகள் பள்ளியில் ஒரு வகுப்பறையை எங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். குடியை விட்டவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அரை அடி உயர பெஞ்சில் முட்டி காதைத் தொட உட்கார்ந்திருப்போம், எங்கள் தலைக்கு மேலே அணில், ஆடு, இலை என்று படம். அங்கே யாருக்கும் பேர் கிடையாது, தொழில்தான் பேர். நான் பெயிண்டர். டாக்டர் டாக்டர்தான். லாரி ஓட்டுகிறவர் லாரி. பெரிய ஹோட்டலில் அடுப்படி பார்க்கிறவர் சமையல். துணிக் கம்பெனியில் முப்பது மெஷினுக்கு மேஸ்திரியாக இருக்கும் அம்மா தையல். ஆமாம், பெண்தான், உன் அம்மாவும் இப்படித்தான் கண்ணை விரித்தாள். பொம்பளை குடிச்சா வெளியே சொல்லவும் முடியாது, தள்ளாடவும் முடியாது, மெஷின் எண்ணெய் டப்பாவுல ஊத்தி வெச்சு நேரா நடந்துக்கிட்டே குடிச்சேன் என்றார் அந்த அம்மா, அன்றைக்கு முழுக்க அவர் கதையைத்தான் கேட்டோம்.

மற்ற நாளெல்லாம் அங்கே நடக்கிற கூத்தை நீ பார்க்க வேண்டும். யார் தொழில் ஆளைக் குடிக்க வைக்கிற தொழில் என்று எங்களுக்குள் ஒரே போட்டி. லாரி சொல்வார், நாள் கணக்கா தனியா ஓட்டி இறங்கினா வண்டி நின்னுடும், உடம்பு நிக்காது, அதை நிறுத்தத்தான் குடிச்சேன். சமையல் விடுவாரா, நீ உக்காந்துல்ல ஓட்டுற, நான் அடுப்பு முன்னாடி பதினாலு மணி நேரம் நின்னு ஊருக்கெல்லாம் பரிமாறி முடிக்கிறப்ப என் பசி செத்துப் போயிருக்கும் என்பார். முதல் நாள் என் முறை வந்தபோது நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், தின்னர் வாசனை மூக்கில் ஏறினால் தொண்டை காயும், சாரத்தில் மூன்றாம் மாடி உயரத்தில் நிற்க ஒரு தைரியம் வேண்டும், கடைசிக் கோட் பெயிண்ட் அடித்து முடித்த அன்று வீட்டுக்காரரே பாட்டில் வாங்கித் தருவது வழக்கம், வேண்டாம் என்றால் முகம் சுருங்கும் என்று. எல்லாரும் ரொம்ப அனுதாபமாகத் தலையாட்டினார்கள். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது, தொழில்மேல் பழி போட்டால் அதே தொழிலில் குடிக்காத ஒரு ஆளைக் காட்ட வேண்டும். தையலம்மாதான் கேட்டார், உங்க செட்டுல குடிக்காத ஆளே இல்லையா என்று. எனக்கு உடனே நம் மாறுகண் மாமா ஞாபகத்துக்கு வந்தார், இருபது வருஷமாக என்னோடு அதே சாரத்தில் நிற்கிறார், அதே தின்னரை முகர்கிறார், டீயைத் தவிர ஒன்றையும் தொட்டதில்லை. தின்னரு எல்லார் மூக்குலயும்தான் போச்சு, உங்க மூக்கு மட்டும் என்ன தனியா என்றார் டாக்டர். அந்த அறையே குலுங்கியது, ஒரு குட்டி பெஞ்ச் லாரியின் பாரம் தாங்காமல் உடைந்தும் போயிற்று. அதற்காகத் தொழில்மேல் ஒன்றுமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அடுப்பின் சூடும் சாரத்தின் உயரமும் நிஜம்தான். இப்போது கடைசிக் கோட் அன்று நான் முந்திக்கொண்டு, சார் எங்களுக்கு டீ சொல்லுங்க என்று கேட்டுவிடுகிறேன், என் செட்டில் இன்னும் இரண்டு பேர் டீக்கு மாறிவிட்டார்கள்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ வருகிற செய்தியை வகுப்பில் சொன்னேன், உன் அறையை அடிக்கப் போகிறேன் என்றேன், அவ்வளவுதான், வகுப்பை அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டர், லாரி, சமையல், தையலம்மா நால்வரும் நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உதவியாம். டாக்டர் தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு ஜன்னல் கட்டையில் ஒரு முழம் அடிக்க ஒரு மணி நேரம் எடுத்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. லாரி ரோலரைப் பின்னால் இழுக்கும்போதெல்லாம் வழி வழி என்று கத்தினார், மேலே பார்த்த நேரத்தில் பெயிண்ட் தட்டுக்குள் காலை வைத்துவிட்டு நடந்த தடத்தை அம்மா கூடத்தில் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தையலம்மா மட்டும் ஓரத்தில் கோடு பிடித்ததைப் பார்த்து, வேலைக்கு வந்துடுறீங்களா என்று கேட்டேவிட்டேன். சமையலிடம் பெயிண்டைக் கலக்கும் வேலை. எல்லா டப்பாவையும் ஒரே பெரிய வாளியில் கொட்டிக் கலந்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், டப்பாவுக்கு டப்பா நிறம் ஒரு நூல் மாறும், சுவருக்கு நடுவில் புது டப்பா திறந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அவர் இரண்டு கையாலும் வாளியைத் துழாவிக் கரண்டியைத் தட்டிவிட்டு வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தார், பழக்கதோஷம், அம்மாதான் ஐயோ என்று கத்தி நிறுத்தினாள். இந்த வீட்டில் இவ்வளவு சத்தமாகச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று.

பிறகு கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் நீ ஒட்டிய உலகப் படத்தை இறக்கினேன். உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்குப் பதினாறு வயது, மஞ்சள் வேண்டும் என்றாய், ஒரே நாளில் நாலு சுவரையும் அடித்துக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் புதுச் சுவரில் பசையைத் தடவி அத்தனை பெரிய படத்தை ஒட்டி வைத்திருக்கிறாய். பெயிண்டர் வீட்டுச் சுவரில் பசையா என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ இருக்கட்டும்ப்பா என்று மட்டும் சொன்னாய். நீ ஊரைவிட்டுப் போன பிறகு, போகிறதற்கு அன்றைக்கே வழி பார்த்திருக்கிறாள் என்று அந்தப் படத்தின்மேல் எனக்கு ஒரு வெறுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கிழியாமல் உரித்து எடுத்தால், அடியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடது பக்கம் ஒரு மஞ்சள், வலது பக்கம் வேறு மஞ்சள். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. காலையில் ஒழுங்காகக் கலந்தது தீர்ந்து போய், மத்தியானத்துக்கு மேல், குடித்துவிட்டு வந்து, கண்ணளவில் இன்னொரு டப்பாவைக் கலந்து அடித்திருக்கிறேன். அடித்த எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோட்டின் மேலேயே பென்சிலால் பொடி எழுத்து, அம்பு வேறு போட்டு. டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்ன ஏது என்று யோசிக்காமல் சத்தமாகவே படித்துவிட்டார். இந்தப் பக்கம் அடிச்சது அப்பா. அந்தப் பக்கம் அடிச்சது யாரோ.

நீ ஏன் படத்தை ஒட்டினாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் வருவார்கள், சித்தப்பா வீட்டார் வருவார்கள், பெயிண்டர் தன் வீட்டுச் சுவரையே இரண்டு நிறமாக அடித்திருக்கிறான் பார் என்று ஒருவரும் சிரித்துவிடக் கூடாது என்று மூடி வைத்திருக்கிறாய். நான் கத்தியபோதுகூட ஏன் ஒட்டினாய் என்று சொல்லவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை. நான் அழுதேன் ம்மா, வெட்கமில்லாமல் அழுதேன். அழுது முடித்ததும், சொல்லாமல் விட்டால் பொய்யாகும், எனக்கு உடனே குடிக்க வேண்டும்போல் இருந்தது. பதினான்கு மாதத்தில் அப்படி ஒரு தவிப்பு வந்ததில்லை. கடை எத்தனை எட்டில் இருக்கிறது என்று கால் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. வந்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், சொன்னால் மற்றவர்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கூட உட்கார வேண்டும், அது எங்கள் வகுப்புச் சட்டம். எனக்கு இப்ப வேணும்போல இருக்கு என்றேன். பிரஷ், ரோலர், கரண்டி எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு நால்வரும் தரையில் விரித்த செய்தித்தாளில் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை உபதேசம் பண்ணவில்லை. அம்மா டீயோடு வந்தாள், சுவரைப் படித்தாள், தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த முழங்காலை மடக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பெயிண்ட் கையைப் பிடித்துக்கொண்டாள். டீ ஆறிப் போயிற்று. லாரி தன் வண்டி ஒரு தடவை ஆட்டு மந்தைக்கு நடுவில் நின்றுபோன கதையைச் சொன்னார், அரை மணியோ முக்கால் மணியோ, தவிப்பு இறங்கியது. எழுந்து பார்த்தால் தட்டில் இருந்த ரோலர் கட்டையாகக் காய்ந்துபோயிருந்தது. ஒரு ரோலர் வீணானதற்கு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். அப்போது மணி இரண்டரை. மிச்சச் சுவரை மத்தியானத்துக்கு மேல்தான் அடித்து முடித்தோம்.

நாலு சுவரும் இப்போது ஒரே மஞ்சள். நீ எழுதிய இடத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு டேப் ஒட்டி, அடிக்காமல் விட்டிருக்கிறேன், அந்தப் பழைய இரண்டு மஞ்சளும் உன் எழுத்தும் அப்படியே இருக்கின்றன. அதன்மேல் பிரஷை வைக்க எனக்கு உரிமை இல்லை. படத்தையும் சுருட்டிப் பத்திரமாக அலமாரிமேல் வைத்திருக்கிறேன், பேத்திக்கு அவள் ஊர் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். டாக்டர் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, பொண்ணு ரொம்ப மரியாதையா எழுதியிருக்கு மாஸ்டர், உங்களைத் தப்ப விட்டுடுச்சு என்றார். அவர் சொன்னது சரி. அந்தப் பக்கம் அடித்தது யாரோ இல்லை. காலையில் அடித்தவனும் நான்தான், மத்தியானத்துக்கு மேல் அடித்தவனும் நான்தான், படியில் கிடந்தவனும் நான்தான். உன் ஜன்னல் கட்டையில் ஒரு பென்சில் சீவி வைத்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை நீ வந்து உன் கையால் திருத்த வேண்டும். வெயில் மேற்கே இறங்கும்போதுதான் அந்தச் சுவரில் நன்றாக விழும், அதனால் பொழுது சாயும்வரை இருந்து பார்த்துவிட்டு, நாலு சுவரும் ஒரே நிறமா என்று சோதித்துவிட்டு, அப்புறம் லாட்ஜா வீடா என்று சொல். லாட்ஜ் என்றாலும் எனக்கு வருத்தமில்லை, பெட்டியை நானே தூக்கிக்கொண்டு உங்களோடு நடந்து வருகிறேன், அதைத் தூக்க வேண்டிய நாளில் தூக்காத பாக்கி எனக்கு இருக்கிறது.

மாப்பிள்ளையை போட்டோவில் மட்டுமே பார்த்த இந்த மாமனாரின் அன்பைச் சொல். பேத்தியின் இரண்டு கன்னத்திலும் என் பேரைச் சொல்லி முத்தம் கொடு, கடித்தால் வாங்கிக்கொள். நீங்கள் மூன்று பேரும் மனசும் வயிறும் குளிர நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வரும்போது பேத்திக்குக் கனமான ஒரு சட்டையும் எடுத்து வா, இங்கே விடியற்காலையில் குளிர்கிறது. விடியற்காலையைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்று உனக்கே புரியும்.

இப்படிக்கு,
இரண்டு பக்கமும் அடித்த
உன் அப்பா